கேள்விகளுக்கு வைத்த பரீட்சை

ஆராய்ச்சிப் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட வேலை கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் ஆங்கிலத்தில் தயாரித்த ஒரு கேள்வித்தாள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ள எந்த அளவுக்கு முடிகிறது என்று அளப்பது. அதைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தபின், தமிழிலும் அது நம்பத்தக்கபடி அளக்கிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக இதைச் செய்தேன். சாயங்காலம் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்து, சமையலை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாக்கியங்களோடு மல்லுக்கட்டுவேன்.

மொழிபெயர்ப்பில் முதல் தகராறே தலைப்பில் வந்தது. 'சுயக்கட்டுப்பாடு' பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகள் வாயில் இல்லை. 'அடக்கம்' என்று போட்டுப் பார்த்தேன். எங்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியை ஒருவர், மூலத்தைப் பார்க்காமல் என் தமிழை மட்டும் வைத்து, மறுபடி ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இந்தத் துறையில் முறை. அவர் தாளில் என் 'அடக்கம்' தலை குனிந்து நடக்கிற பெண்பிள்ளையின் பணிவாக மாறியிருந்தது. எடுத்துவிட்டேன். கடைசியில் தலைப்பில் மட்டும் 'சுயக்கட்டுப்பாடு' இருந்தது. கேள்விகளில் 'கோபம் வந்தால் என்னை நிறுத்திக்கொள்ள முடியும்', 'போனைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது' என்று சாதாரணமாகவே எழுதினேன்.

நம்பத்தக்கது என்றால் என்ன என்று என் வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருந்தார். ஓய்வு பெறப் போகிற பேராசிரியை. அதிகம் பேச மாட்டார்.

"எடை மிஷின்ல இன்னைக்கு ஏறினாலும் அடுத்த வாரம் ஏறினாலும் ஏறக்குறைய ஒரே எடையைக் காட்டணும். அதே பிள்ளைங்க, அதே கேள்வி, சில வாரம் கழிச்சு மறுபடி குடு. பதில் பெரிசா மாறலைன்னா உன் கேள்வி நல்ல கேள்வி. நீ சோதிக்கிறது பிள்ளைங்களை இல்ல, கேள்வியை. அதை மறந்துடாதே."

நான் மறக்கவில்லை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளி கிடைப்பது லேசில்லை. பத்தாம் வகுப்பைத் தொடவே விட மாட்டார்கள், பொதுத்தேர்வு. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. தாளாளர் முன்பு தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெதுவான குரல்.

"எங்க பசங்களுக்குக் கட்டுப்பாடு வந்தாச் செரிதானுங்க அம்மணி. தாராளமா வாங்க."

"கட்டுப்பாடு சொல்லிக்குடுக்கறது இல்லைங்க. இது ஒரு அளவுகோல். அது சரியா அளக்குதான்னு பாக்கறதுக்குத்தாங்க வர்றேன்."

"ஆகட்டுமுங்க, ஆகட்டுமுங்க" என்றார். காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

முழு வகுப்புக்கும் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வாக்கியமும் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் பெஞ்சு போட்டு, ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன். பெண்பிள்ளைகள் நான் எதைச் சொன்னாலும் "புரியுதுங்க மிஸ்" என்றார்கள். ஒரு பையன் மட்டும் ஒரு வரியையும் விடவில்லை. ஒல்லி, கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது, அந்த வருடம் திடீரென்று வளர்ந்திருக்க வேண்டும். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

"'ஆசையைக் கட்டுப்படுத்த முடியும்'னு போட்டிருக்கீங்க. எந்த ஆசைங்க மிஸ்?"

மற்ற பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"பரோட்டா திங்கற ஆசைன்னு வெச்சுக்கோ."

"அதைக் கட்டுப்படுத்தவே முடியாதுங்க மிஸ். இன்னொரு ஆசைன்னா யோசிக்கலாம்."

'செய்யக்கூடாது என்று தெரிந்தாலும் நண்பர்கள் கூப்பிட்டால் போய்விடுவேன்' என்று ஒரு வாக்கியம். அதற்கு வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கேட்டான்: "இது நல்லதுங்களா, கெட்டதுங்களா மிஸ்? கூப்பிட்டுப் போகலைன்னா அவன் என்ன மிஸ் பிரெண்டு?"

தோளில் கை போடப்பட்டவன் குள்ளமாக, உருண்டையாக இருந்தான். பேசவே இல்லை, அவன் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பஸ், ஒரே பெஞ்சு என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த வாரம் இரண்டு பிரிவுகளுக்கும் கேள்வித்தாளைக் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், அம்மா பெயரின் முதல் எழுத்தையும் பிறந்த தேதியையும் மட்டும் மூலையில் எழுதுங்கள், அடுத்த முறை வரும்போது இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்கத்தான் அது, உங்கள் பதிலைப் பள்ளியிலோ வீட்டிலோ யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொன்னேன். கரும்பலகையில் 'சுயக்கட்டுப்பாடு' என்று எழுதி, அதற்கு என்ன பொருள் என்று இரண்டு நிமிடம் பேசினேன். அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். இப்போதெல்லாம் எந்தப் பள்ளியில் எது நடந்தாலும் படம் எடுப்பார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடவைக்குத் தேதி கேட்கப் பள்ளிக்குப் போன் செய்தபோது, எடுத்த பெண் தயங்கினாள்.

"இப்ப வேண்டாமுங்க மேடம். ஒரு பையன் தவறிப்போயிட்டானுங்க. வாய்க்கால்ல."

எந்தப் பையன் என்று கேட்டேன். அவள் பெயரைச் சொன்னாள். எனக்குப் பெயர் தெரியாதே. "பல்லு ஒடைஞ்சிருக்குமுங்க முன்னாடி" என்றாள்.

அது நடந்த அன்றைக்குக் கடைசி வகுப்பு விளையாட்டு. பள்ளி வேன்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொள்ள விளையாட்டு ஆசிரியரை முன்வாசலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது அவருக்குத் தினமும் இருந்த வேலை. புதுக் கட்டிடத்துக்குக் கல்லும் மணலும் வருவதற்காகப் பின்வாசல் கதவு திறந்தே கிடந்தது. பையன்கள் சிலர் அந்த வழியாகப் போய்விட்டார்கள். பின்னால் தென்னந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் வாய்க்கால். அந்த வாரம்தான் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். வாய்க்காலின் இரண்டு பக்கமும் சிமெண்டுச் சரிவு, பாசி பிடித்து வழுக்கும். இறங்கிவிட்டால் நீச்சல் தெரிந்தவனுக்கே ஏறுவது கஷ்டம். இவன் இறங்கிவிட்டான், ஏற முடியவில்லை. மற்றவர்கள் சட்டைகளைக் கழற்றி ஒன்றோடொன்று முடிந்து வீசியிருக்கிறார்கள். எட்டவில்லை. மறுநாள் காலை அடுத்த ஊர் மதகுப் பக்கம் கிடைத்தான்.

வாய்க்காலுக்கு முதலில் கூப்பிட்டது அந்தக் குள்ளமான நண்பன்தான் என்றார்கள்.

போனில் கேட்ட அன்றைக்கு நான் வகுப்பு நடத்தினேன், வீட்டுக்கு வந்தேன், சமைத்தேன். கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது, "பரோட்டா ஆசையைக் கட்டுப்படுத்தவே முடியாதுன்னு சொன்னான்" என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

சில நாள் கழித்துத் தாளாளரே கூப்பிட்டார். "ஒருக்கா நேர்ல வந்துட்டுப் போங்க அம்மணி." போனேன். துக்கம் விசாரித்துவிட்டு வரலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காபி வந்தது. பையனின் சொந்தக்காரர்கள் உடலை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்ததையும், போலீஸ் வந்ததையும், கல்வித்துறையிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லியிருப்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"உங்க டெஸ்ட்டுல அந்தப் பையன் எவ்வளவு மார்க்குங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. "மார்க்கெல்லாம் இல்லைங்க."

"இல்லீங்க அம்மணி, கட்டுப்பாடு எவ்வளவு இருக்குதுன்னுதானே டெஸ்ட் வெச்சீங்க? அவன் கட்டுப்பாடு கம்மியான பையன்னு உங்க காலேஜ் டெஸ்ட்லயே வந்திருக்குதுன்னு ஒரு பேப்பர் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க. பள்ளிக்கூடம் என்னங்க பண்ணும்? அவனவன் புத்தி."

"தாள்ல பேரே இல்லைங்க."

"பேரு இல்லாட்டி என்னங்க. அம்மா பேரு, பொறந்த தேதி எழுதச் சொன்னீங்களாமே. ரெண்டும் நம்ம ஆபீஸ்லயே இருக்குது. சித்த நேரத்துல கண்டுபுடிச்சுப்போடலாம்."

பிள்ளைகளிடம் யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லித்தான் வாங்கினேன் என்றேன். இந்தக் கேள்வித்தாள் சரியானதுதானா என்பதே இன்னும் தெரியாது, இதை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது என்றேன். காபி டம்ளரை மேசையிலேயே தள்ளி வைத்தேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரியான்னே தெரியாத கேள்வியக் கொண்டாந்து எங்க பசங்களுக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆராய்ச்சி முறை நூலில் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிற பதில்தான். அந்த அறையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முடியாதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"செரிங்க. காப்பியச் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

அதோடு அந்தப் பள்ளிக் கதவு மூடிக்கொண்டது என்று நினைத்தேன். வழிகாட்டியிடம் சொன்னபோது, "குடுக்காதது சரி. அந்த ஸ்கூலை விட்டுடு, வேற பாரு" என்றார். முதல் தடவை எழுதிய தாள்களைக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஒரு தடவை மட்டும் வாங்கிய பதில்கள் என் வேலைக்கு ஆகாது. அந்தக் கட்டைப் பிரித்து அவன் தாள் எது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பார்த்து என்ன செய்ய?

அவனுடைய அம்மா எங்கள் கல்லூரி வாசலுக்கு வந்தது அதற்கப்புறம்தான். பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் கேட்டு வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் கல்லூரியின் பெயர் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, சரக்கு ஆட்டோ ஓட்டுகிற தன் தம்பியோடு வந்திருந்தார். காவலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒடிசலான பெண். என்னைவிட வயது குறைவாகக்கூட இருக்கலாம். விரல் நுனிகளெல்லாம் கறுத்து வெடித்திருந்தன. தேங்காய்க் களத்தில் சிரட்டையிலிருந்து பருப்பை நெம்பி எடுக்கிற வேலை.

எதிரே இருந்த பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீ சொன்னேன். அவர் தொடவில்லை. தம்பி போனில் ஒரு படத்தைக் காட்டினார். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பின்னால் 'சுயக்கட்டுப்பாடு'. இரண்டாவது பெஞ்சில் அவன், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

"என்ற பையனுக்கு நீங்கதான் கட்டுப்பாடு சொல்லிக்குடுத்தீங்களாமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லைங்க. யாருங்க சொன்னாங்க?"

தம்பிதான் விளக்கினார். விசாரணைக்குப் பள்ளியிலிருந்து கொடுத்த பதிலில், மாணவர்களுக்கு மனநல நிபுணரை வரவழைத்துச் சுயக்கட்டுப்பாட்டுப் பயிற்சி அளித்திருக்கிறோம், அதையும் மீறி இந்த மாணவன் போயிருக்கிறான் என்று எழுதியிருக்கிறார்கள். ஆதாரமாக இந்தப் படம்.

"நிபுணர் வந்து சொல்லிக்குடுத்துமே அவன் கேக்கலைன்னு சொல்றாங்க" என்றார் அம்மா. "ஊருக்குள்ளயும் அதையேதான் பேசறாங்க. அவன் அப்பிடிப் பையன் இல்லீங்க. சொன்னாக் கேப்பான். நீங்க என்ன சொல்லிக்குடுத்தீங்க? அவன் எதைங்க கேக்காம போனான்? அதைத் தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேள்விகள் கேட்டேன், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவருக்கு அது உடனே புரியவில்லை. மறுபடி சொன்னேன். கேள்வி கேட்டால் எழுதினார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாய்க்காலைப் பற்றியோ கதவைப் பற்றியோ யாரும் பேசவில்லை.

"அப்ப அவன் பேச்சுக் கேக்காம போகல."

"இல்லைங்க."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பேக்கரியில் பப்ஸ் வாங்க வந்த என் மாணவிகள் இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்கள். அழுது முடித்ததும் நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இதை அங்க விசாரணையில வந்து சொல்றீங்களாங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. வருகிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் வழிகாட்டியின் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"போனா அந்தப் பக்கம் ஒரு ஸ்கூலும் உன்னை உள்ள விடாது. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"உன் பட்டம் தள்ளிப்போகும்."

"ஆமாங்க மேடம்."

"தெரிஞ்சா, போ" என்றார்.

விசாரணை திருப்பூரில், கல்வித்துறை அலுவலகம் ஒன்றின் மாடியறையில். வெளியே நீள பெஞ்சில் ஒரு முனையில் அம்மாவும் தம்பியும். மறுமுனையில் தாளாளரும் அவருடைய வக்கீலும். விளையாட்டு ஆசிரியர் தனியாகச் சுவரோரம் நின்றார். சின்ன வயசு, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். விரலில் புது மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி கெட்டவரில்லை. களைத்திருந்தார்.

"இந்தப் போட்டோவுல இருக்கறது நீங்கதானே?"

"நாந்தாங்க சார்."

"போர்டுல சுயக்கட்டுப்பாடுன்னு எழுதி, பிள்ளைங்களுக்கு விளக்கியிருக்கீங்க."

"கேள்வித்தாளோட தலைப்புங்க சார் அது. வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன். பயிற்சி குடுக்கல. குடுக்க வரவும் இல்ல."

"சுயக்கட்டுப்பாட்டைப் பத்திக் கேள்வி கேட்டாலே ஒரு விழிப்புணர்வு வருமில்லைங்களா? அதையும் பயிற்சின்னு எடுத்துக்கலாமில்ல?"

"எடை மிஷின்ல ஏத்திப் பாக்கறதும் சோறு போடறதும் ஒண்ணாகுமா சார்?"

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுதுபவரைப் பார்த்து, "பயிற்சி அளிக்கப்படவில்லைன்னு போட்டுக்கங்க" என்றார். படித்துக் காட்டியபின் கையெழுத்துப் போட்டேன்.

படியிறங்கும்போது தாளாளர் எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டுக் கைகூப்பினார். "நல்லா இருங்க அம்மணி" என்றார். எந்த வசவையும்விட அந்த வார்த்தை வெகுநாள் எனக்குள் கிடந்து அறுத்தது.

என்ன ஆனது என்று கேட்டால், நான் நினைத்தது எதுவும் ஆகவில்லை. பயிற்சி கொடுத்தோம் என்று சொல்ல முடியாமல் போனதும், பள்ளிக்கு வேறு ஒரு காரணம் தேவைப்பட்டது. விளையாட்டு நேரத்தில் மைதானத்தில் இல்லாத ஆசிரியரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்து, அந்த இளைஞரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வேன்களைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பியது யார் என்பதற்கு வாய்மொழி உத்தரவுதான், தாளில் ஒன்றும் இல்லை. பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். தாளாளர் தாளாளராகவே இருந்தார். பையன் பேச்சுக் கேட்காமல் போனான் என்ற வாசகம் மட்டும் அந்தக் கோப்பிலிருந்து போயிற்று. அம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான் என்று தம்பி போனில் சொன்னார். அதற்காக இன்னொருவருக்கு வேலை போனதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

வழிகாட்டி சொன்னபடியே நடந்தது. காங்கேயம், தாராபுரம், பல்லடம், எங்கே கேட்டாலும் "இந்த வருசம் முடியாதுங்க மேடம்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு போன் வந்தது. வெளியே போய் விவரம் சேகரிப்பதற்கு விடுப்புக் கேட்டபோதெல்லாம் அவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார். ஒரு வருடத்துக்கு மேல் வேலை அப்படியே நின்றது.

கடைசியில் வால்பாறையில், எஸ்டேட் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு போனேன். முதல் தடவை கொடுத்தேன். சில வாரம் கழித்துப் போய் மறுபடி கொடுத்தேன். நடுவில் நல்ல மழை; இரண்டு நாள் பள்ளி லீவு; வேறொன்றும் இல்லை. இரண்டு தடவை பதில்களும் அழகாக ஒத்துப்போயின. கேள்வித்தாள் நம்பத்தக்கது என்று தெரிந்தது.

கணக்குப் போட்ட தாளை வழிகாட்டியிடம் காட்டினேன். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு, "என்ன முகத்தை அப்படி வெச்சிருக்கே?" என்றார்.

"அந்தச் சில வாரத்துல இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் நடக்கலை மேடம். அதையும் சேத்துத்தானே இந்த நம்பர் காட்டுது?"

அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, இரண்டு பேருக்கும் காபி போட உள்ளே போனார்.

பட்டம் வாங்கியபின் ஒரு நாள் காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. விருந்து முடிந்ததும் தம்பியிடம் போனில் வழி கேட்டு, அந்த அம்மா வேலை செய்கிற களத்துக்குப் போனேன். பெரிய சிமெண்டுத் தரை, முழுவதும் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் அப்பிக்கொண்டது. கொட்டகை நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்புட்டீங்களா?" என்று கேட்டார். கல்யாணச் சாப்பாடு ஆகிவிட்டது என்றேன்.

களத்தின் கோடியில் ஒரு பையன் மண்வெட்டி மாதிரி ஒரு பலகையால் பருப்பைத் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தான். குள்ளம்; ஆனால் உருண்டையாக இல்லை, வெயிலில் வற்றியிருந்தான். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"என்ற பையனோட கூட்டாளி அவந்தாங்க" என்றார். "பத்தாவதுல நின்னுபோட்டான். ஒரு நா இங்க வந்து வேலை கேட்டான். மேஸ்திரி என்ற மூஞ்சியப் பாத்தாரு. நான் என்னங்க சொல்றது? வரட்டுமுன்னு சொல்லிப்போட்டேன்."

"பேசுவீங்களா?"

"இல்லீங்க. சோத்து நேரத்துல அவன் அக்கட்டால போயிருவான். நானும் கூப்பிடறதில்ல." அவன் பக்கம் மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாக்கறப்பெல்லாம் வயிறு எரியுதுங்க. ஒரு நா வரலைன்னா, எங்க போனானோன்னு இருக்குது."

கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பருப்பில் ஒரு தூறல் பட்டாலும் பூசணம் பிடித்துவிடும். மேஸ்திரி சத்தம் போட, பெண்கள் எல்லோரும் போட்டது போட்டபடி எழுந்து ஓடினார்கள். தார்ப்பாயின் ஒரு முனையை அந்த அம்மா பிடித்தார். எதிர்முனைக்கு ஓடி வந்தது அவன்தான். காற்றில் தார்ப்பாய் உப்பி மேலே எழும்பியது. இரண்டு பேரும் குனிந்து இழுத்து, ஓரங்களில் கல்லை வைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என்னையும் அவன் பார்க்கவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்துவிட்டான்.

மழை வரவில்லை. பத்துச் சொட்டு விழுந்து நின்றுவிட்டது. மறுபடி வெயில் சுள்ளென்று அடித்ததும் மேஸ்திரி தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். அவன் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரம் போட்டான். அந்த அம்மா தன் முனையைச் சுருட்டிக்கொண்டு அவன் நிற்கிற பக்கம் பாதி தூரம் வந்து, அங்கேயே கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினார். மீதியை அவன் சுருட்டினான்.

"பஸ்ஸு இப்ப ஒண்ணு இருக்குதுங்க, விட்டீங்கன்னா ரொம்ப நேரமாகும்" என்று சொல்லி ரோடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.